நீ கேட்ட சாட்சிக் கடிதம்

மகனே,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பேச்சைக் கேட்டேன். முதலில் என் உடம்பை விசாரித்தாய். பிறகு மழையை விசாரித்தாய். பிறகு பூனை குட்டி போட்டதா என்றுகூட விசாரித்தாய். கனடாவுக்குப் போன நாளிலிருந்து பூனையை நினைக்காதவன் இன்று நினைக்கிறான் என்றதும் ஏதோ வேண்டியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கடைசியில் அதையும் சொன்னாய். சங்கத்தின் பெயர் அச்சடித்த தாளில், தலைவி என்ற முறையில் நான் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி ஒரு கடிதம் வேண்டும். நிவித்திகல ரோட்டில் ஆட்டோ ஓட்டும் சிங்களக்காரன் சுனில், நீ தமிழன் என்பதற்காக உன்னை நடுரோட்டில் அடித்தான், பிறகு ஆள் சேர்த்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்து மிரட்டினான், திரும்பி வந்தால் உன் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று அதில் இருக்கவேண்டும். அந்தக் கடிதம் கிடைத்தால் அகதி என்று அங்கே உன்னை ஏற்றுக்கொள்வார்கள், கிடைக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றாய். உன் வாழ்க்கையே என் கையில் இருக்கிறதாம்.

அந்தக் கடிதம் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடாதே. ஏன் வராது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். இன்னொன்று. இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டுத்தான் தபாலில் போடப்போகிறேன். அதற்கும் காரணம் இருக்கிறது. பெத்த மனம் பித்து என்பார்கள். எனக்கு அந்தப் பித்து கொஞ்சம் தாமதமாகத்தான் தெளிந்தது.

சங்கத்தின் கதை உனக்குத் தெரியும், சங்கத்து மேசையில் உட்கார்ந்து நீயே பலருக்குச் சொல்லியிருக்கிறாய். ஆனால் நீ சொல்லும்போது அதில் உன் அப்பா ஒரு வீரனாக இருப்பார். அவர் வீரனில்லை. தோட்டத்தில் சாவு விழுந்தால் குழி வெட்டுகிற ஆட்களுக்கு மூத்தவர், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் நம்மிடம் இருந்தது மரண உதவிச் சங்கம் ஒன்றுதான். குழி வெட்டுவது, வெளித்தோட்டங்களுக்குக் கேதம் சொல்லிவிடுவது, சாவு வீட்டுக்காரர்களுக்குச் சோறாக்கிப் போடுவது, இவைதான் வேலை. கலவரத்துக்குப் பயந்து இங்கிருந்து வவுனியாப் பக்கம் ஓடிய குடும்பங்களில் ஒன்று, அங்கேயும் சண்டை வந்ததும் திரும்பி வந்தது. தங்க இடமில்லாமல் பழைய லயத்து வீடுகளின் ஓரத்தில் தகரம் சாய்த்து ஒதுங்கினார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே அந்த வீட்டுக் கிழவர் செத்துப்போனார். வேலையாட்களின் பதிவேடான செக்ரோலில் பெயர் இல்லாத ஆளுக்குத் தோட்டத்துச் செலவில் பெட்டி தர முடியாது, தோட்டத்து மயானத்தில் இடமும் இல்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். சங்கத்திலும் பாதிப்பேர் நமக்கேன் வம்பு என்றார்கள். உன் அப்பா அப்போது ஒன்றுதான் சொன்னார்.

"பொணத்துக்கு என்னாங்க செக்ரோலு?"

ஸ்டோரில் கழித்துப் போட்டிருந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளை வாங்கி வந்து பெட்டி அடித்தார்கள். ஆபீஸ் பேச்சை மீறி, ரப்பர் மலைக்கு மேலே இருக்கும் மயானத்திலேயே குழி வெட்டப் போனபோது, செத்தவரின் மனைவி ஓரிடத்தைக் காட்டி, எங்க மாமனார் அங்கனதான் கெடக்குறாரு, அவரு பக்கத்துலயே வைங்க என்று சொன்னாள். அந்த இடம் சரியாக இருந்தது. அந்த மாமனாருக்குக் குழி வெட்டியவர் உன் தாத்தா. அப்பா சிறுபிள்ளையாகக் கூடப் போயிருந்ததால் அவருக்கும் நினைவிருந்தது. அன்றைக்குத்தான் எங்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பிறப்புச் சான்றிதழ் எரிந்துபோயிருக்கும், அடையாள அட்டை இருக்காது, ஆனால் தன் ஆட்களை எங்கே புதைத்தது என்று தெரியாத தோட்டத்துக்காரன் கிடையாது. நம் மயானத்தில் கல்லா இருக்கிறது, பெயரா இருக்கிறது? ஒரு குரோட்டன் செடி நட்டிருந்தால் பெரிய காரியம். புதைத்தவனுக்கும் குழி வெட்டினவனுக்கும்தான் அந்த இடம் தெரியும்.

அதற்குப் பிறகு வந்தவர்களை எல்லாம் அப்படித்தான் பார்த்தோம். வவுனியாவிலிருந்து வந்தவர்கள், கிளிநொச்சியிலிருந்து வந்தவர்கள், சண்டை ஓய்ந்தபின் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து பிள்ளைகுட்டியோடு வந்தவர்கள், எல்லோரையும் மயானத்துக்குக் கூட்டிப்போய் உங்க ஆளு எங்க இருக்காரு என்று கேட்போம். சரியாகக் காட்டினால், இவர் இந்தத் தோட்டத்து மனுசர்தான் என்று சங்கம் எழுதிக் கொடுக்கும். அதை எடுத்துக்கொண்டு கிராம சேவகரிடம் போவார்கள், பிள்ளையின் பிறப்பைப் பதிவார்கள், பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். அந்தக் கடிதத்துக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை. ஆனாலும் வந்த கிராம சேவகர் ஒவ்வொருவரும், சிங்களவராக இருந்தாலும், அதை வாங்கிப் படித்துவிட்டு மேற்கொண்டு கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டார்கள். ஒருதரம்கூட அது பொய்யாகிப் போனதில்லை என்பதுதான் காரணம். நடுவில் கொழும்பிலிருந்து ஒரு உதவித் திட்டம் வந்தது, மூன்று மொழியில் பெயர்ப்பலகை வந்தது, மேசை நாற்காலி வந்தது. திட்டம் போய்விட்டது, பலகை துருப்பிடித்துவிட்டது. கடிதத்தின் பேச்சு மட்டும் இன்னும் செல்லுபடியாகிறது.

அப்பா போனபின் மேசைக்கு நீ வந்தாய். நான் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயம்மா. தலைவி என்று பெயர்தான், எழுத்து வேலையெல்லாம் உன்னுடையது. நீ கெட்டிக்காரன். சிங்களத்தில் மனு எழுதுவாய், அதே மூச்சில் இங்கிலீசிலும் எழுதுவாய். பிரதேச செயலகத்தில் உனக்கு நாற்காலி போடுவார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, எனக்கு நீ அப்படித்தான் தெரிந்தாய். சந்தனம் வந்த அன்றும் அப்படித்தான் தெரிந்தாய்.

சந்தனத்தை மறந்திருக்கமாட்டாய். தமிழ்நாட்டு முகாமிலிருந்து மனைவியோடும் கைப்பிள்ளையோடும் வந்தவன். எங்க தாத்தா இந்தத் தோட்டத்து ஆளுங்க, இங்கனதான் அடக்கம் என்றான். பெயர் சொன்னான், எந்த லயம் என்று சொன்னான், எல்லாம் பொருந்தியது. யாரிடமோ விசாரித்துப் படித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியது. நீ அவனை மயானத்துக்குக் கூட்டிப்போனாய், நானும் பின்னால் வந்தேன். அவன் சுற்றிப் பார்த்துவிட்டு, வேலி ஓரத்தில் ஒரு மேட்டைக் காட்டினான். நீ சிரித்தாய். மண் சரிந்து பழைய மயானத்தில் பாதி போனபிறகுதான் அந்த ஓரத்தைச் சேர்த்துக்கொண்டோம், அவன் தாத்தா செத்த காலத்தில் இது தேயிலை மலை, செடிக்கு நடுவிலேயா புதைத்தார்கள் என்று கேட்டாய். அவன் பெண்சாதி பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

பிறகு உண்மையைச் சொன்னான். அவனுடையது கேகாலைப் பக்கம் ஒரு சின்னத் தோட்டம். துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள், லயத்தையும் இடித்துவிட்டார்கள், ஆட்கள் போன திசை தெரியவில்லை. அவனை இன்னார் என்று சொல்ல அங்கே ஒரு உயிர் இல்லை.

"சாட்சி சொல்ல ஆளில்லீங்கம்மா. அதான் உங்க தோட்டத்துல ஒரு தாத்தாவ எரவலா கேட்டேன்."

எனக்கு மனசு இளகியது. எழுதிக் கொடுத்துவிடலாமா என்று உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? ஒருத்தனுக்கு விட்டால் நாளைக்கு ஊரில் உள்ளவனெல்லாம் வருவான், நம் கடிதம் பொய் என்று ஒருதரம் பெயர் வந்தால் அப்பா எழுதிக்கொடுத்த அத்தனை குடும்பத்தையும் திரும்பக் கிளறுவார்கள், இரக்கப்பட்டுப் பொய் எழுதுகிறவளுக்கு இந்த மேசையில் இடமில்லை என்றாய். பெற்ற தாயிடம் சொன்னாய். நியாயமான பேச்சு. நான் தலையாட்டினேன். அவர்களுக்கு ஒரு வாய்த் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம். மழை பிடித்துக்கொண்டது. பிள்ளையின் தலையில் ஒரு உரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு பெரிய ரோட்டைப் பார்த்து இறங்கிப் போனார்கள். நீ அன்று சாயந்திரம் நடந்ததை உன் கூட்டாளிகளிடம் சொல்லிக் கைதட்டு வாங்கினாய்.

போன வருசம் நான் கேகாலைக்கு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு, அப்படியே கண்டியில் இருக்கும் உன் சித்தியைப் பார்க்க ரம்புக்கனையில் ரயிலுக்கு நின்றேன். சந்தனம் அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் திருப்பவில்லை. மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வந்து கும்பிடுறேங்கம்மா என்றான், உட்காருவதற்குப் பெஞ்சைத் துடைத்துவிட்டான். ஐயா சுகமா என்று உன்னை விசாரித்தான். பிள்ளை எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். இருக்குதுங்க, பேப்பரு இல்லாததால பள்ளிக்கூடத்துல மட்டும் சேக்கல என்றான். ஏச்சோ குத்தலோ இல்லாமல் சொன்னான். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ரயில் வந்தது, ஏறிவிட்டேன். கண்டி போகும்வரை ஜன்னல் வழியாக ஒன்றையும் பார்த்த ஞாபகம் இல்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். அங்கேயும் நம்மைப் போல ஒரு சங்கம் இருக்கிறது என்றாய். வந்திறங்கியவர்களுக்குக் குளிர்ச் சட்டை கொடுக்கிறார்கள், அறை பார்த்துக் கொடுக்கிறார்கள், மொழி சொல்லித் தருகிறார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் உன்னைத் தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், நீ சொல்வதைக் கேட்டுக் கண்ணீர் விட்டாள் என்றும் சொன்னாய். அவள் அழுதது உனக்குச் சிரிப்பாக இருந்தது, அது உன் குரலிலேயே தெரிந்தது. எனக்கு அந்தப் பெண்ணை நினைத்துத்தான் தூக்கம் கெட்டது. அவளும் நாளைக்கு ஒரு உண்மையான ஆளுக்காக ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் நிற்பாள். உன் பொய் அதற்குள் வெளுத்திருந்தால் அவள் பேச்சை எவன் கேட்பான்? இந்த மண்ணில் இனத்தின் பேரால் அடி வாங்கியவர்கள் இல்லையென்று நான் சொல்லவில்லை. அவர்கள் வாங்கிய அடியால் முளைத்ததுதான் இந்தச் சங்கமே. உன்னை அப்படி யாராவது விரட்டியிருந்தால், நீ கேட்கும் முன்பே எழுதியிருப்பேன், நிவித்திகலத்துத் தபால் கந்தோர் திறக்கும்வரை வாசலில் காத்திருந்திருப்பேன்.

உன்னை யாரும் விரட்டவில்லை. சுனில் அடித்தான், அது மட்டும் மெய். அந்த மெய்யைச் சுற்றித்தான் நீ வேலி போட்டு வீடு கட்டப்பார்க்கிறாய். இந்த இடத்தில் கூட்டத்தில் உள்ளவர்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அன்று பஸ் நிற்கும் இடத்தில், பயணப் பையை எடுத்துக்கொண்டு கனடாவுக்கு அனுப்பிவைக்கிற ஏஜென்சிக்காரனைப் பார்க்கப் புறப்பட்டவனை நான் வழிமறித்தேன். போகாதே என்று பையைப் பிடித்தேன். நீ என்னைத் தள்ளினாய். கை தவறிப் பட்டதில்லை, இரண்டு கையாலும் நெஞ்சில் தள்ளினாய். நான் வாய்க்காலில் விழுந்தேன், மணிக்கட்டு முறிந்தது. சுனில் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்து உன்னை ஓர் அறை அறைந்தான். பிறகு உன்னைத் திரும்பிப் பார்க்காமல் என்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினான். சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்த நம் பெண்டுகள் கண்டது அந்த அறையை மட்டும்தான், அதற்கு முந்தியதைக் காணவில்லை. வாய்க்காலில் சறுக்கி விழுந்துவிட்டேன் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னேன். நீ அந்த வாரமே பறந்துவிட்டாய்.

என் மகன் தாயைத் தள்ளினான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குச் சுனில் விலை கொடுத்தான். தமிழ்ப் பையனைக் காரணமில்லாமல் அடித்த சிங்களவன் என்று பெயர் பரவிவிட்டது. தோட்டத்து ஆட்கள் அவன் ஆட்டோவில் ஏறுவதை நிறுத்தினார்கள். பிள்ளைத்தாய்ச்சியைக்கூட அவன் வண்டியில் ஏற்றாமல் அடுத்த வண்டி வரும்வரை வெயிலில் நிற்கவைத்தார்கள். அவன் மகள் நம் பிள்ளைகளோடு டியூசனுக்குப் போவாள், அவளையும் பேச்சில் ஒதுக்கினார்கள். அத்தனையும் எனக்குத் தெரியும். சுனில் ஒருநாளும் யாரிடமும் காரணத்தைச் சொல்லவில்லை. ஒரு தாய் மறைக்கிறதை நான் ஏன் சொல்லவேண்டும் என்று தன் பெண்சாதியிடம் மட்டும் சொன்னானாம், அவள்தான் பிறகு என்னிடம் வந்து ஏசிவிட்டுப் போனாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஊரான் பிள்ளையை ஒரு பொய்க்காக மழையில் இறக்கிவிட்டவள், தன் பிள்ளைக்காகத் தினமும் ஒரு பொய்யைப் போர்த்திக்கொண்டு அதே மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

உன் பேச்சைக் கேட்ட மறுநாள் சுனில் வீட்டுக்குப் போனேன். போனை அவன் முன்னால் வைத்து, நீ அவனைப் பற்றிச் சொன்ன அத்தனையையும் போட்டுக் காட்டினேன். ஆள் சேர்த்து வந்து மிரட்டினான் என்ற இடத்தில் அவன் மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவன் கடைசிவரை கேட்டான். கோபப்படுவான், உன்னைக் கெட்ட வார்த்தையில் ஏசுவான், எனக்கும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன்.

"எழுதிக் குடுங்க அக்கே," என்றான். "இனி எனக்கு என்ன புதுசா கெட்ட பேரு வரப்போவுது? பையன் அங்கேயே இருந்துக்கட்டும்."

"பொய்யாச்சே சுனில்."

"அடிச்சது பொய் இல்லையே."

முடியாது என்றேன். அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. உன் மேலில்லை, என் மேல். "ஒயா அம்மா கெனெக்த?" என்று கேட்டான். நீயெல்லாம் ஒரு தாயா என்று தமிழில் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் தன் பாஷையில், குரலை உயர்த்தாமல் கேட்டான். குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகையால்தான் இது திறந்த கடிதம். ஞாயிற்றுக்கிழமை இதைக் கேட்டபிறகு யார் யார் சுனில் ஆட்டோவில் ஏறுகிறார்கள் என்று பார்க்கிறேன். தலைவி பதவியையும் அன்றே விட்டுவிடுவேன், அதைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம், உனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. சந்தனத்துக்கும் ஆள் அனுப்பியிருக்கிறேன். அவனுக்குத் தாத்தாவை இரவல் கொடுக்க எங்களால் முடியாது. ஆனால் இடித்துப்போட்ட அவன் தோட்டத்தில் முன்பு இருந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேட முடியும். அதை அன்றைக்கே செய்திருக்கலாம், நம் இரண்டு பேருக்கும் அந்தப் புத்தி வரவில்லை. பொய்யைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

உனக்குச் சொல்ல வேண்டிய புத்தியும் கொஞ்சம் இருக்கிறது. அந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் போ. வேலைக்கு வந்தேன், பிழைக்க வந்தேன், பயந்து ஓடி வரவில்லை என்று சொல். பிழைக்க வருவது பாவமில்லை, உன் கொள்ளுத்தாத்தா இந்த மலைக்கு வந்ததும் பிழைக்கத்தான். அவர்கள் வேறு வழி இருந்தால் சொல்வார்கள், இல்லையென்றால் அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் வா. வீட்டில் சோறு இருக்கும். நான் விமான நிலையத்துக்கு வரமாட்டேன், கட்டிப்பிடித்து அழவும் மாட்டேன், அதை எதிர்பார்த்து வராதே. மழை பெய்தால் மணிக்கட்டு வலிக்கிறது, நம் சப்ரகமுவைப் பக்கம் எப்போதும் மழைதான்.

நீ இல்லாமல் எனக்கு இருட்டாகத்தான் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். உன் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன், பூனையை விசாரிக்கும் இடம்வரை கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறேன்.

ஆனாலும் உன்னை வெறுங்கையோடு விடமாட்டேன். சுனில் உன்னை அடித்தான் என்று சங்கத்தின் தாளில் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அது உண்மை. அதற்கு அடுத்த வரியில் ஏன் அடித்தான் என்றும் எழுதுவேன். அந்தக் கடிதம் உனக்கு வேண்டுமென்றால் சொல், அனுப்பிவைக்கிறேன்.

அம்மா